ராகேலக்கா கல்லும் ரெண்டாம் நம்பர் புளோயரும்

என் வீட்டுக்காரர் முருகதாஸ் மஸ்கட்டுல இருந்து கூப்பிடுவாரு. நான் எடுப்பேன். அவரு ஏதோ சொல்லுவாரு. "என்னா? கேக்கல்ல!"ன்னு நான் கத்துவேன். அவரும் அங்க இருந்து கத்துவாரு. ரெண்டு பேரும் தொண்டை கீறுற மட்டும் கத்திட்டு, "சரி, சாப்பிட்டியா"ன்னு முடிச்சுக்குவோம். வைக்கதுக்கு முன்னாடி மட்டும் அவரு ஏதோ ஒரு வார்த்தை சொல்லுவாரு, அது ஒருநாளும் என் காதுல விழுந்ததில்ல. எங்க குடும்ப வாழ்க்கையில பாதி இப்படியே போச்சு. காரணம் மாமியாரும் இல்ல, நாத்தனாரும் இல்ல. ரெண்டு புளோயர்.

நான் சுனிதா. பூவங்கடவுல வைகுண்டராஜன் மொதலாளியோட ரப்பர் பால் மில்லுல கழிவுத்தண்ணி பிளான்ட் என் பொறுப்பு. தோட்டத்துல இருந்து வாற பாலை இங்க மிஷின்ல சுத்திக் கெட்டியாக்கி, கையுறை செய்யுற கம்பெனிக்கு அனுப்புவோம். மிச்சம் ஒரு தண்ணி வரும். அதுக்க வாடை இருக்கே, கூமுட்டைய உடைச்சு மூக்குக்குள்ள ஊத்துன மாதிரி. அதை அப்படியே ஆத்துல விட்டா மீனு செத்து மிதக்கும், குளிக்கிற மனுசன் சொறிஞ்சே சாவான். அதனால பெரிய தொட்டியில நிறுத்தி அடியில இருந்து காத்து ஊதணும். தண்ணியில இருக்கிற அழுக்கைத் தின்னுக கிருமிகளுக்கும் மூச்சு வேணும்லா! அந்தக் காத்தை ஊதுகதுதான் புளோயர். ரெண்டும் சேர்ந்து ஓடினா பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது. கரன்ட்டைக் குடிக்கிற குடியோ, ஐயோ, சொல்லி மாளாது.

முருகதாஸ் நல்ல ஃபிட்டர். மொதலாளி எனக்கு வாக்கு குடுத்திருந்தாரு. "மில்லு நிலையா ஓடட்டும் பிள்ள, மாப்பிள்ளைய இங்கயே கூப்பிட்டுக்கிடுவோம்"ன்னாரு. மில்லு நிலையா ஓடணுமே! மாசாமாசம் கரன்ட் பில் வரும். மொதலாளி நெத்தி நாமத்தைத் தொட்டுப் பாத்துக்கிட்டு "அய்யா உண்டு"ம்பாரு. வேற ஒரு வார்த்தை கோவமா வராது அந்த மனுசனுக்கு. கோவப்படுகதுக்கு சம்பளம் வாங்குறவ நான்தான்.

அப்பதான் பிரதீஷ் வந்தான். மார்த்தாண்டத்துக்காரன், இன்ஜினியர், செலவைக் குறைக்க வழி சொல்லுவான்னு மொதலாளி கூட்டிட்டு வந்த பையன். பேசும்போ ரெண்டு கையாலயும் ஆகாசத்துல படம் வரைவான்.

"அக்கா, ஒரு டம்ளர் தண்ணியில ஒரு கை உப்பு போட்டா குடிப்பியளா? ஒரு அண்டாத் தண்ணியில போட்டா? ஆறும் அப்படித்தான். மழைக்காலத்துல கரை முட்டிப் போவுது, கோடையில ஓடை மாதிரி நெளியுது. ரெண்டுக்கும் ஒரே அளவுச் சட்டம்னா என்ன நியாயம்? ஆத்துல தண்ணி இருக்கும்போ அளவைக் கொஞ்சம் தளர்த்தணும். வத்தும்போ இறுக்கணும்."

"அப்ப மழைக்காலத்துல ஒரு புளோயர் போதுமா?"

"போதும்."

எனக்கு அந்தப் பயலைத் தூக்கித் தட்டாமாலை சுத்தணும் போல இருந்துச்சு. மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு எழுதிப் போட்டோம். எப்படியோ சம்மதிச்சாங்க. ஒரு வருசம் சோதனை, ரெண்டு நிபந்தனை. ஆத்துல தண்ணி எவ்வளவுன்னு எல்லாருக்கும் தெரியுற மாதிரி ஒரு அடையாளம் வேணும். அப்புறம், மில்லுக்குக் கீழ இருக்கிற பொம்பளைக் கடவுல குளிக்கிற ஜனங்க வேண்டாம்னு சொன்னா சோதனை அன்னைக்கே ரத்து.

கடவுன்னா எங்க பக்கத்துல ஆத்துல எறங்கிக் குளிக்கிற துறை. அங்க குளிக்கிற ஜனம்னா ராகேலக்கா. மத்தவங்களும் உண்டு, ஆனா பேசுகது ராகேலக்காதான். சர்ச்சுல அவங்க பாட ஆரம்பிச்சா மைக்கை அணைச்சிருவாங்க.

"ஓஹோ! உங்க மில்லு அழுக்கை விடுகதுக்கு நாங்க சம்மதம் சொல்லணுமா? கொள்ளாமே, ரொம்ப நல்லா இருக்கே!"

"ஆறு பெருகும்போ மட்டும்தான் அக்கா, அதுவும் கொஞ்சம் போல"ன்னேன்.

"ஆறு பெருகியிருக்கா இல்லையான்னு யாருட்டி பாப்பா? உன் மொதலாளியா?"

பிரதீஷ் அடையாளம் தேடினான். பாலத்துல ஒரு அளவு உண்டு, ஆனா அது ரொம்ப தூரம். கம்பு நட்டா முதல் வெள்ளத்துல போயிரும். சுத்திச் சுத்திப் பாத்தவன் கண்ணுல அந்தக் கல்லு பட்டுது. புன்னை மரத்து வேர் பக்கத்துல, கறுப்பா, பட்டையா, துணி துவைக்கிற கல்லு. தண்ணி அதை நக்கிக்கிட்டுக் கெடந்துச்சு.

"இது பழைய கல்லா?"ன்னு கேட்டான்.

"நான் கெட்டி வந்த நாள்ல இருந்து இதுலதான் துவைக்கேன். என் மாமியாரும் இதுலதான் துவைச்சா."

எனக்கும் பிரதீஷுக்கும் மொதலாளிக்கும் அது போதுமா இருந்துச்சு. தண்ணி கல்லைத் தொட்டுக்கிட்டு இருந்தா ஒரு புளோயர். கல்லு காஞ்சு கெடந்தா ரெண்டு. பச்சப் பிள்ளைக்கும் புரியுற சட்டம். மொதலாளி கையெழுத்துப் போட்டாரு, பிரதீஷ் போட்டான், நானும் போட்டேன். ராகேலக்கா மட்டும் என்னைப் பாத்தாங்க.

"பின்ன தண்ணி நாறிச்சுன்னா?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நாறிச்சுன்னா இதே கடவுல எல்லாரும் பாக்க நான் முங்கிக் குளிக்கேன்!"

"தலை முங்கியா?"

"தலை முங்கி!"

"மூணு தரம்?"

"ஏழு தரம்!"

பொம்பளைங்க கை தட்டிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

ஐப்பசியில மழை பிடிச்சுது. ஆறு சிவப்பா, கரை முட்டிப் போச்சு. கல்லு இருந்த இடமே தெரியல்ல. ரெண்டாம் நம்பர் புளோயரை அணைச்சேன். அது முனகிக்கிட்டே அடங்குச்சு. ஐயோ, அந்த அமைதி! மில்லுக்குப் பின்னால குயில் இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்த நேரம் பாத்து போன் அடிச்சுது.

"ஏட்டி, சாப்பிட்டியா?"ன்னு அவரு வழக்கம் போல அலறினாரு.

"எதுக்குக் கத்துதிய? கேக்குது."

அவரு மூச்சு விடுகது கேட்டுச்சு. யாரோ ஒருத்தன் தூரத்துல சிரிக்கிறது கேட்டுச்சு. "உன் சத்தம் இப்படியா இருக்கும்? மறந்தே போச்சுட்டி"ன்னாரு. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு.

"போனை வைக்கதுக்கு முன்னாடி எப்பவும் என்னமோ சொல்லுவியளே, அது என்னது?"

"அதுவா? 'வந்துருவேன்'னு சொல்லுவேன்."

இத்தனை வருசமும் அந்த மனுசன் அதைச் சொல்லிக்கிட்டு இருந்திருக்காரு, நான் "சரி சரி, வைங்க"ன்னு இருந்திருக்கேன். அன்னைக்கு பிளான்ட்ல உக்காந்து மூக்கைச் சீந்திச் சீந்தி அழுதேன், சிரிச்சேன், திரும்பவும் அழுதேன்.

மழைக்காலம் முழுக்க ஒரு புளோயர்தான். கரன்ட் பில் வந்தா மொதலாளி முகத்துல ஒரு வெட்கம், புது மாப்பிள்ளை மாதிரி. தை கழிஞ்சுது. மாசி வந்துது. இனி கல்லு காயும், ரெண்டாம் நம்பரைப் போடணும்னு நான் தினமும் சாயங்காலம் மில்லுக் கரையில நின்னு கீழ பாப்பேன். கல்லு நனைஞ்சு கெடக்கும். மறுநாளும் நனைஞ்சு கெடக்கும். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்குது. அணையில தண்ணி இல்லன்னு வயக்காரங்க சண்டை போடுகாங்க. எங்க கல்லு மட்டும் ஜம்முன்னு தண்ணியில உக்காந்திருக்கு!

ஒரே ஒரு விசயம்தான் இடிச்சுது. புன்னை மரம் கல்லை விட்டுத் தள்ளித் தெரிஞ்சுது. வரவர இன்னும் தள்ளி. மரம் நடக்குமா? எனக்குத்தான் கண்ணு போச்சுன்னு பயந்து மார்த்தாண்டத்துக்குப் போய் கண்ணைக் காட்டினேன். கண்ணாடிக் கடைக்காரன் கண்ணு நல்லா இருக்குன்னுட்டு, அது கழிஞ்சு ஒரு கண்ணாடியும் வித்துட்டான். அதைப் போட்டுப் பாத்தா மரம் இன்னும் தூரமாத் தெரிஞ்சுது. சவம், கண்ணாடியே சரியில்லன்னு கழட்டி வச்சுட்டேன்.

மில்லுல இதே பேச்சுதான். லோடு ஏத்துற பையன்மாரு கல்லுக்கு சக்தி இருக்குன்னாங்க. "கல்லைக் கும்பிடப்படாது"ன்னு மொதலாளி சொன்னாரு. அவரு அய்யாவழிக்காரரு, அந்தப் பழக்கம் கிடையாது. ஆனாலும் சந்தோசம் தாங்காம எல்லாருக்கும் பாயசம் வச்சாரு. முருகதாஸ்கிட்ட நான் போன்ல சொன்னேன், "மில்லு பிழைச்சாச்சு, வாங்க." அவரு அன்னைக்கே மஸ்கட் வேலைய எழுதிக் குடுத்துட்டாரு. சித்திரைக்கு டிக்கெட். நான் வீட்டுல தனியா நின்னு ஆடினேன். சத்தியமா ஆடினேன்.

சோதனையப் பாக்க ஆபீசரம்மா வாறதா இருந்துச்சு. அதுக்கு முந்தின நாள் காலையில மில்லு கேட்டுல ஒரு அலறல். "எவண்டா அது? எவண்டா என் கல்லுக்கு மாலை போட்டவன்?"

ராகேலக்கா. கையில செவ்வந்தி மாலை. இன்னொரு கையில மஞ்சள் அப்புன பாவாடை.

"துணிய வச்சு அடிக்கேன், அடிக்கேன், மஞ்சளா வருது! நாலு பொம்பளைங்க முந்தாநாளு இடுப்பொடிய இழுத்துப் போட்ட கல்லு அது! எங்களுக்கு ஒரு சோடா வாங்கித் தர ஆளில்ல, கல்லுக்கு மாலையா?"

எனக்கு ஒரு நிமிசம் காது அடைச்சுப் போச்சு. புளோயர் ஒண்ணுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

"இழுத்துப் போட்டியளா? எங்க?"

"தண்ணிகிட்டதான்."

"கல்லை நகட்டுவியளா?"

"என்ன கேள்வி கேக்குற நீ? தண்ணி எறங்கினா கல்லை எறக்காண்டாமா? பின்ன தண்ணிய மொண்டு மொண்டு கல்லுகிட்ட கொண்டு போவாங்களா? எல்லா கோடையிலயும் எறக்குவோம், மழைக்கு ஏத்துவோம். உங்க கோட்டாத்துல எப்படி?"

நான் பொறந்த கோட்டாத்துல குழாயடி. கல்யாணம் கழிஞ்சு இங்க வந்ததும் அவரு மஸ்கட்டுல இருந்து வாஷிங் மெஷின் அனுப்பிட்டாரு. கடவுல ஒரு கைக்குட்டை நான் துவைச்சதில்ல. மொதலாளிக்கும் பிரதீஷுக்கும் பொம்பளைக் கடவுப் பக்கம் என்ன வேலை? மரம் நடக்கல்ல. கல்லுதான் நடந்துருக்கு.

"இன்னொண்ணு. கொஞ்ச நாளா தண்ணியில நுரை. வாடையும் உண்டு. எங்க கூட குளிக்கிற கமலத்துக்குக் காலெல்லாம் சொறி. நாளைக்கு அந்த ஆபீசர் வாற நேரம் வேண்டாம்னு சொல்லத்தான் போறேன்"ன்னாங்க ராகேலக்கா. மாலையை என் கழுத்துல போட்டுட்டு விறுவிறுன்னு போயிட்டாங்க.

நான் ஓடிப் போய் ரெண்டாம் நம்பரைப் போட்டேன். ஆத்துக்குப் போற வால்வை அடைச்சேன். ரப்பர் மரம் இலை உதிர்ற காலம், பால் வரத்து கம்மி, தொட்டியில இடம் இருந்துச்சு. அது ஒண்ணுதான் நல்ல காலம். கழுத்துல செவ்வந்தி மாலையோட மொதலாளி முன்னால போய் நின்னேன். சொன்னேன். பிரதீஷுக்கும் போன் போட்டுச் சொன்னேன். அவன் வந்து, மரத்தையும் கல்லையும் பாத்துட்டு, படம் வரையுற கையை ரெண்டும் தலையில வச்சுக்கிட்டான்.

"அக்கா, ஆள் விட்டு கல்லை மரத்தடிக்கே இழுத்துப் போட்டுரலாமா? நாளைக்கு கல்லு காஞ்சிருக்கும், புளோயர் ரெண்டும் ஓடும். எல்லாம் சரியா இருக்கும்."

நெனச்சுப் பாத்தேன். பொய் சொல்லுவானேன்? சித்திரை டிக்கெட்டு கண்ணு முன்னால ஆடுது. அந்த மனுசன் வேலைய விட்டாச்சு. சோதனை ரத்தானா மில்லுக்குப் பூட்டு, அவரு மறுபடி பெட்டியக் கட்டணும், நான் மறுபடி போன்ல கத்தணும். ஆனா கமலத்துக்குக் காலு சொறியுதே! அது நான் அணைச்சுப் போட்ட புளோயர்லா!

"போடே அங்கிட்டு! முங்குகேன்னு சொன்னவ நான்"ன்னேன்.

மறுநாள் கடவுல திருவிழாக் கூட்டம். மில்லு ஆளு, கடவு ஆளு, ஆபீசரம்மா, அவங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நான் எழுந்து எல்லாத்தையும் சொன்னேன். கல்லு கதை, மரக்கதை, கண்ணாடிக் கதை. ஆபீசரம்மா பேனாவை மூடி வச்சுட்டாங்க. கடவுப் பொம்பளைங்க வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்குகாங்க. ராகேலக்கா மட்டும் சிரிக்கல்ல.

"கதை கொள்ளாம். வாக்கு?"

மில்லு நீலக் கோட்டோட தண்ணியில எறங்கினேன். இடுப்பளவு கூட இல்ல, உக்காந்துதான் முங்கணும். மூக்கைப் பிடிச்சேன், முங்கினேன். "ஒண்ணு!"ன்னு பொம்பளைங்க எண்ணினாங்க. வாடை இருந்துச்சு. முட்டை வாடை, கொஞ்சமாத்தான், ஆனா இருந்துச்சு. நான் விட்ட வாடை. "ரெண்டு!" வெட்கமா இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல, வெட்கம்.

"மூணு!"க்கு எழும்பினா பக்கத்துல சளக்குன்னு சத்தம். வைகுண்டராஜன் மொதலாளி! தலைப்பாகையோட, வேட்டிய மடிச்சுக் கெட்டிக்கிட்டு. "கையெழுத்து நானும்தானே பிள்ள போட்டேன்"ன்னு சொல்லிட்டு முங்கிட்டாரு. பொம்பளைக் கடவுல ஆம்பிளை எறங்கினதைப் பாத்துக் கூட்டம் கூவுச்சு. அதைப் பாத்துட்டு பிரதீஷும் செருப்போட குதிச்சான். போன் சட்டைப் பையில! அவன் எழும்பினதும் போனை எடுத்து உதறுறான், அது தண்ணி கக்குது, ஆபீசரம்மா நாற்காலியில மடங்கி மடங்கிச் சிரிக்காங்க.

"அஞ்சு!"க்கு முங்கினப்போ கண்ணைத் திறந்தேன். அடியில மணல்ல பெரிய தடம் தெரிஞ்சுது. கல்லை இழுத்த தடம். எழும்பிக் கரையைப் பாத்தேன். அதே தடம் காஞ்ச மணல்ல ஏறி, மரத்தடி வரைக்கும் போகுது. மாசியில இருந்து ஆறு எறங்கின ஒவ்வொரு எறக்கமும் அங்க கெடக்கு. மண்டைக்குள்ள ஏதோ பளிச்சுன்னு எரிஞ்சுது.

"அக்கா! ராகேலக்கா! கல்லை நகட்டுங்க! இஷ்டத்துக்கு நகட்டுங்க!"

"கிறுக்குப் பிடிச்சுட்டா பிள்ளைக்கு?"

"நகட்டும்போ எனக்கு ஒரு போன் அடிங்க! கல்லு மரத்தை விட்டுக் கீழ எறங்கின உடனே ரெண்டு புளோயரும் போடுகேன். மழை பெய்ஞ்சு மறுபடி மரத்தடிக்கு நீங்க ஏத்தினாத்தான் ஒண்ணை அணைப்பேன். நான் பாக்க மாட்டேன், மொதலாளி பாக்க மாட்டாரு. நீங்க சொன்னாத்தான்!"

ராகேலக்கா இடுப்புல கை வச்சுக்கிட்டு மரத்தைப் பாத்தாங்க, கல்லைப் பாத்தாங்க.

"அப்ப உங்க மில்லு சுவிட்சு என் கையிலயா?"

"உங்க கையிலதான்."

"நடுச்சாமம் கூப்பிட்டாலும் போடுவியா?"

"போடுவேன்."

"கமலத்தை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவியா?"

"இன்னைக்கே நான் கூட்டிட்டுப் போறேம்மா"ன்னு தண்ணிக்குள்ள நின்னு மொதலாளி சொன்னாரு.

ராகேலக்கா சேலையைச் செருகினாங்க. சோப்பை எடுத்துக்கிட்டு தண்ணிக்குள்ள வந்து, என் மண்டையைப் பிடிச்சு அமுக்கினாங்க. "ஆறு! ஏழு!"ன்னு அவங்களே எண்ணிட்டு, என் தலையில சோப்பைத் தேச்ச தேய்ப்புல எனக்குக் கண்ணீரே வந்துட்டு. "வேண்டாம்னு நான் சொல்லல்ல"ன்னு ஆபீசரம்மாவைப் பாத்துச் சொன்னாங்க.

"இதை நான் எப்படி எழுதுறது?"ன்னு ஆபீசரம்மா கேட்டாங்க. கேட்டுட்டு, எழுதினாங்க. மழை வந்து கல்லு ஏறுற மட்டும் ரெண்டு புளோயரும் ஒருநாளும் நிக்கக்கூடாது, இன்னொரு தடவை நுரை வந்தா மில்லையே மூடுவேன்னு என்கிட்ட தனியா கடுமையாச் சொன்னாங்க. நியாயம்தானே. தலையை ஆட்டினேன், சோப்பு நுரை எல்லாம் அவங்க புடவையில தெறிச்சுது.

சித்திரையில முருகதாஸ் வந்தாரு. மஸ்கட்டுல இருந்து வந்த மனுசன் நேரா ரெண்டு புளோயர் சத்தத்துக்குள்ள வந்து விழுந்தாரு! மில்லுல ஃபிட்டர் வேலை. நாங்க ரெண்டு பேரும் ஒரே கூரைக்கு அடியில நின்னு, "என்னா? கேக்கல்ல!"ன்னு கத்திக்கிட்டோம். தினமும் காலையில ஷிப்டுக்கு வரும்போ என் காதுகிட்ட வந்து ஒரே ஒரு வார்த்தை அலறுவாரு. நான் சிரிச்சுக்கிட்டே வேலையைப் பாப்பேன்.

இடையில ராகேலக்கா ரெண்டு தரம் கூப்பிட்டாங்க, கல்லு இன்னும் எறங்கிருக்கு, புளோயரு ஓடுதான்னு கேக்க. புளோயர்கிட்ட போனைக் காட்டினேன். "சரி, காதைப் பொளக்காத"ன்னு வச்சுட்டாங்க.

வைகாசி பாதியில வாற எடவப்பாதி மழை இந்த வருசம் சரியான நேரத்துக்குப் பிடிச்சுது. நாலஞ்சு நாளா விடாம பெய்ஞ்சு ஆறு சிவந்து பொங்குச்சு. ஒரு காலையில மழை வெறிச்ச நேரம் போன் அடிச்சுது.

"ஏட்டி, கல்லை மரத்தடிக்கு ஏத்தியாச்சு. இடுப்பு போச்சு. நிறுத்து அந்தச் சவத்தை!"

ரெண்டாம் நம்பர் சுவிட்சை அணைச்சேன். அது முனகி, முனகி, அடங்குச்சு. முருகதாஸ் ஷிப்டுக்கு அப்பதான் உள்ள நுழையுறாரு. போன் வந்தது அவருக்குத் தெரியாது. புளோயர் நின்னதையும் கவனிக்கல்ல. வழக்கம் போல என் காதுகிட்ட வந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அந்த அமைதிக்குள்ள ஒரு அலறல் அலறினாரு:

"வந்துட்டேன்ட்டீ!"

குயிலு வாயடைச்சுப் போச்சு. ஆபீஸ் ரூம்ல இருந்து மொதலாளி எட்டிப் பாத்தாரு. எங்க வீட்டுக்காரர் முகம் செவந்து, வாயைப் பொத்திக்கிட்டு நிக்காரு. அப்ப கீழ கடவுல இருந்து, ஆத்து இரைச்சலையும் தாண்டி, ராகேலக்கா சத்தம் வந்துது.

"கேட்டாச்சு மாப்பிள்ள!"